தராசுத் தட்டின் அடியில் ஒட்டிய புளி

நதி ஜலம் எவ்வளவு கெட்டிருக்கிறதென்று அறிய, அதில் கரைந்துள்ள பிராணவாயுவை அளப்பது நெடுநாளைய வழக்கம். ஹங்கேரி தேசத்து ரசாயன அறிஞர் லாயோஷ் விங்க்ளர் 1888-ல் வகுத்த முறையே இதற்கு இன்றும் பிரமாணம்: காற்றுக் குமிழி தங்காமல் நிரப்பிய குப்பியில் மாங்கனீஸ் சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் விட்டால், பிராணவாயு உள்ள நீரில் பழுப்பு வண்டலும், அது அறவே அற்ற சாக்கடை நீரில் வெள்ளை வண்டலும் தோன்றும், வண்டலை அமிலத்தில் கரைத்து, வெளிப்படும் அயோடினை, ஸ்டார்ச் தந்த நீல நிறம் மறையும் மட்டும் பியூரெட்டிலிருந்து ஹைப்போவைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பார்கள்.

ஆற்றங்கரையில் இவ்வளவுக்கும் பொறுமை யாருக்கு? மீட்டரை அமிழ்த்தி எண்ணைப் படித்துவிடுகிறோம். அந்த மீட்டர் மெய் சொல்கிறதா என்று பார்க்க, சில மாதிரிகளை இரு வழியிலும் அளந்து, இரண்டும் எவ்வளவு ஒன்றுபோல ஏறி இறங்குகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிட்டு, அது 1-ஐ நெருங்கினால் சாதனம் சரியென்று திருப்தியடைவோர் பலர். (ஒட்டுறவு என்ற கருத்தைப் பிரான்சிஸ் கால்ட்டன் வெளியிட்டதும் அதே 1888-ல்தான் என்பது வேடிக்கையான பொருத்தம்.)

சங்கடம் இங்கேதான். தட்டின் அடியில் புளி ஒட்டிவைத்த கடைக்காரரின் தராசும் நேர்மையான தராசும், சரக்கு கூடக் கூட ஒன்றுபோலவே ஏறுமாதலால், இரண்டுக்கும் ஒட்டுறவில் குறையே இராது. குறைவதெல்லாம் வாங்குகிறவர் பையில்தான். விங்க்ளர் முறையில் லிட்டருக்கு 2, 4, 6 மில்லிகிராம் உள்ள மாதிரிகளுக்கு மீட்டர் 3.5, 5.5, 7.5 என்று காட்டினாலும் கெழு 1-தான், ஆனால் 2.5 மட்டுமே உள்ள நீர் 4 என்று பதிவாகி, மீன் வளர்ப்புக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விதித்த பிராணவாயு எல்லையை எட்டிவிடும். போதாக்குறைக்கு, சாக்கடை வாயிலும் மலைச் சுனையிலும் எடுத்த மாதிரிகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டால், மட்டமான மீட்டருக்கும் உயர்ந்த கெழு வாய்த்துவிடுகிறது.

ஆகவே, 1986-ல் பிளாண்டும் ஆல்ட்மனும் 'லான்செட்' ஏட்டில் மருத்துவக் கருவிகளுக்கு வற்புறுத்தியபடி, இரு அளவைகளின் வித்தியாசத்தையே பார்க்கவேண்டும். வித்தியாசம் எங்கும் 1.5 ஆனால் ஒரு திருத்தம் போதும். அளவோடு அதுவும் வளர்ந்தால் பெருக்கத்தில் பிழை. தாறுமாறாகச் சிதறினாலோ எத்திருத்தமும் பயன்படாது. திருத்தத்துக்கு இடமுண்டா என்று சொல்வதுதான் ஒட்டுறவின் உண்மையான உபகாரம்.

25 டிகிரி செல்சியஸில், கடல் மட்டத்து ஊரொன்றில், காற்றைக் குமிழியிட்டு நிறைவித்த தூய நீரில் பிராணவாயு ஏறக்குறைய 8.3 மில்லிகிராம்தான் இருக்கும்; அதில் மீட்டர் 9.8 என்று காட்டினால், கெழுவைக் கணக்கிடும் முன்பே புளி அகப்பட்டுவிடும்.