முதலில் விமானம், பிறகு ஊர்

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் திருச்சி, ஸ்ரீரங்கத்துக் குடும்பங்கள் போடும் திட்டம் ஊர்ப் பெயரில்தான் தொடங்கும்: ஊட்டியா, கொடைக்கானலா, மைசூரா? போகிற ஊரில் விமான அருங்காட்சியகம் ஒன்று இருந்தால் கடைசி நாள் மாலையில் அதையும் செருகிக்கொள்வார்கள். மூடும் நேரம் நெருங்க, நிற்கிற விமானங்களையெல்லாம் முக்கால் மணி நேரத்தில் ஓட்டமாகப் பார்த்து, ஒவ்வொன்றின் முன்னும் செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பினால் பிள்ளைகள் மனதில் எதுவும் தங்காது. இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் கட்சி. எந்த விமானத்தைப் பார்க்கப்போகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஊர், ரயில், விடுதி எல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும். அந்த விமானத்துக்கும் நமக்கும் ஏதாவது ஒட்டு உறவு இருக்க வேண்டும். திருச்சியில் ரயிலுக்கு அருங்காட்சியகம் உண்டு, விமானத்துக்கு இல்லை. ஆனாலும் இந்த ஊர்க்காரர்களுக்கு அப்படிப்பட்ட உறவுகளுக்குப் பஞ்சமில்லை.

அப்துல் கலாமை எடுத்துக்கொள்வோம். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, சென்னை குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி.யில் சேர்ந்தார். பணியிலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்ட இரண்டு விமானங்கள் அங்கே பார்வைக்கு நின்றன. மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் அவற்றின் அருகிலேயே உட்கார்ந்திருந்ததையும், விமானப் பொறியியலைத் தேர்ந்தெடுக்க அவை தூண்டியதையும் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் சொல்லியிருக்கிறார். பறக்காத விமானத்தைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு இது போதுமான பதில். கவனிக்க வேண்டியது அந்த எண்ணிக்கை. அவர் பார்த்தவை இரண்டே விமானங்கள். ஆனால் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

படிப்பு முடிந்து அவர் பயிற்சிக்குப் போன இடம் பெங்களூரு எச்.ஏ.எல். நிறுவனம். அதன் அருங்காட்சியகம் 2001 முதல் பழைய விமான நிலையச் சாலையில் இருக்கிறது. திருச்சியிலிருந்து ஓர் இரவு ரயில் பயணம். அங்கே ‘மாருத்’ போர் விமானத்தின் முன் மட்டும் அரை மணி நேரம் நிற்கலாம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்கு ஃபோக்க-வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்த கர்ட் டாங்க், இந்தியா வந்து இங்குள்ள பொறியாளர்களோடு சேர்ந்து உருவாக்கியது அது. 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாகப் பறந்தது. ஒலியைப் போல இருமடங்கு வேகத்தில் பறக்க வேண்டும் என்பது திட்டம். அதற்கேற்ற எஞ்சின் கிடைக்கவில்லை. கிடைத்த ஆர்ஃபியூஸ் எஞ்சின்கள் இரண்டைப் பொருத்தி ஓட்டினார்கள். 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் நன்றாகவே உழைத்தது, ஆனால் நினைத்த வேகத்தை எட்டவே இல்லை. ‘உடம்பு நம்முடையது, எஞ்சின் வெளியிலிருந்து’ என்ற சிக்கல் அதோடு முடியவுமில்லை. இன்றைய தேஜஸ் விமானமும் அமெரிக்க எஞ்சினில்தான் பறக்கிறது. ‘இவ்வளவு அழகான விமானத்தை ஏன் நிறுத்திவிட்டார்கள்?’ என்று ஒரு குழந்தை கேட்டால் அப்பாவுக்குச் சொல்ல ஒரு முழுக் கதை இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டும் என்பது உண்மைதான். ஆனால் சலிப்பு வருவது பெயர்ப் பலகைகளை வரிசையாக வாசிக்கவைப்பதால். கதையோடு நிற்கும் ஒரே ஒரு விமானத்தால் அல்ல.

இரண்டாவது உறவு அரக்கோணம் வழியாக. ரஷ்யத் தயாரிப்பான டியூ-142 கடற்படைக் கண்காணிப்பு விமானங்கள் 1988இல் கோவாவுக்கு வந்தன. 1992 முதல் கால் நூற்றாண்டு அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில்தான் இருந்தன. 2017 மார்ச்சில் அங்கேயே விடை கொடுத்தார்கள். தமிழ்நாட்டு வானத்தில் இத்தனை காலம் சுற்றிய விமானத்தை இன்று உள்ளே ஏறிப் பார்க்க விசாகப்பட்டினம் கடற்கரைக்குத்தான் போக வேண்டும். அதன் நீளம் சுமார் 53 மீட்டர். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தைத் தரையில் சாய்த்துவைத்தால் அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு வரும். நான்கு எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் ஒரே அச்சில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு விசிறிகள். ஜெட் யுகத்தில் எதற்கு விசிறி? நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவதற்கு வேகத்தைவிட, குறைந்த எரிபொருளில் கடலுக்கு மேல் மணிக்கணக்காகச் சுற்றும் திறன்தான் முக்கியம். சாலையைக் கடந்தால் எதிரே குர்சுரா நீர்மூழ்கி, அதுவும் அருங்காட்சியகமாக. தேடுவதும் ஒளிவதும் எதிரெதிரே நிற்பது யாருடைய ஏற்பாடோ, நல்ல ஏற்பாடு. பாட்டி தாத்தாவுக்கு விமானத்தில் ஆர்வம் இல்லையென்றால் சிம்மாசலம் நரசிம்மர் கோயில் இருக்கிறது. ராமேசுவரம் - புவனேசுவரம் வாராந்தர ரயில் திருச்சி வழியாகவே போகிறது.

மூன்றாவது கடல் கடந்தது. டாடாவின் விமானத் தபால் 1938இல் திருச்சி வழியாகக் கொழும்புக்கு நீண்டபோது, போய் இறங்கிய இடம் ரத்மலானை. அங்கேதான் இலங்கை விமானப்படையின் அருங்காட்சியகம் இருக்கிறது. திருச்சியிலிருந்து கொழும்புக்கு நேர் விமானமும் உண்டு. பாஸ்போர்ட், கட்டணம் என்று மூன்றிலும் செலவு அதிகம் இதற்குத்தான்.

செலவைவிடப் பெரிய ஆட்சேபம் இங்கே எழும்: பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் போர்க்கருவிகளைக் காட்டுவதா? ரத்மலானையில் நிற்கும் ஜெட் ப்ரோவோஸ்ட் விமானங்கள் பயிற்சிக்காக வாங்கப்பட்டவை, 1971இல் ஜே.வி.பி. கிளர்ச்சியின்போது அவ்வகை விமானங்களைச் சொந்த நாட்டு இளைஞர்களுக்கு எதிராகவே அனுப்பினார்கள். பிற்பாடு தமிழர் பகுதிகளில் நடந்தது நமக்குத் தெரியும். விமானப்படை நடத்தும் அருங்காட்சியகம் விமானப்படையின் கதையைத்தான் சொல்லும். யாழ்ப்பாணத்தில் உறவினர் உள்ள குடும்பத்துக்கு அந்தக் கூடத்தில் நிற்பது எளிதாக இருக்காது. போக வேண்டாம் என்று அவர்கள் முடிவெடுத்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் போகிறவர்கள் அந்த மறுபாதிக் கதையைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. இறக்கையின் வடிவத்தை வியப்பதும், அது யார் தலைக்கு மேல் பறந்தது என்று கேட்பதும் ஒரே பார்வைக்குள் அடங்க வேண்டும். மாருத்துக்கும் டியூ-142க்கும் இதே விதிதான். இவற்றின் படங்களையெல்லாம் போனிலேயே பார்த்துவிடலாம் என்பது இன்னொரு ஆட்சேபம். 53 மீட்டர் எவ்வளவு என்பதைப் போன் காட்டாது.

மூன்றையும் ஒரே ஆண்டில் முடிக்க நினைப்பது மறுபடியும் செல்ஃபி ஓட்டத்தில்தான் கொண்டுபோய் விடும். ஒரு லீவுக்கு ஒன்று போதும், அதுவும் காலை வேளையில். திறந்தவெளியில் நிற்கும் விமானங்களை மே மாத உச்சி வெயிலில் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதால் கிளம்புமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும். எதை முதலில் பார்ப்பது என்றால், தூரம் அதிகமானாலும் விசாகப்பட்டினம் என்பேன். அந்த விமானம் கடற்கரையில் நிற்கிறது, உப்புக்காற்று அலுமினியத்தை அரிக்கும். பெங்களூரு பக்கத்தில்தான் இருக்கிறது. அடுத்த காலாண்டு லீவிலும் போய்க்கொள்ளலாம்.