உள்ளத்தில் ஒரு சித்திரம்

நியூயோர்க் நகரில் மாக்ஸ்வெல் மோல்ற்ஸ் என்றொரு சத்திரசிகிச்சை வைத்தியர் இருந்தார். சிதைந்த முகங்களைச் சீர்திருத்துவது அவர் தொழில். முகம் திருந்தியதும் நோயாளர் பலர் புதுப்பிறவி எடுத்தவர்போல் நிமிர்ந்து நடந்தனர். இதில் வியப்பில்லை. வேறு சிலரோ, வடு மறைந்த பின்னரும் தம்மில் மாறுதலே இல்லையென்று முறையிட்டனர். முன்போலவே கூச்சமுற்று ஒதுங்கினர். மனிதன் தன்னைப்பற்றித் தன் உள்ளத்தில் தீட்டி வைத்திருக்கும் சித்திரத்தைச் சத்திரவைத்தியரின் கத்தி தொடுவதில்லை என்பதைக் கண்ட அவர், 1960ஆம் ஆண்டில் அதுபற்றி ஒரு நூல் வெளியிட்டார்.

நம் இல்லங்களில் இச்சித்திரம் எவ்வாறு உருவாகின்றது? "மூத்தவனுக்குக் கணக்கு மண்டையில் ஏறாது, சின்னவன் சூரன்" என்று விருந்தினர் முன்னிலையில் அன்னை சொல்லும் ஒரு வார்த்தை போதும். விளையாட்டாகச் சொன்னதை மூத்தவன் தீர்ப்பாகவே ஏற்றுக்கொள்கிறான். சாதாரணதரப் பரீட்சை நெருங்கும்போது, "இம்முறை கணிதத்தில் மிகத் திறமாகச் சித்தியெய்துவேன்" என்று எழுதி மேசைக்கு மேலே ஒட்டவும் செய்கிறான். இலக்கு உயர்ந்ததுதான். ஆனால் இரண்டு கணக்குப் பிழைத்ததும் பழைய சித்திரம் விழித்துக்கொள்கின்றது: 'நான்தான் கணக்கு ஏறாதவன் ஆயிற்றே!' பேனை கீழே விழுகின்றது. அவனுக்கு அறிவு குறைவென்பதன்று. முயற்சியை எவ்விடத்தில் நிறுத்துவது என்பதை அச்சித்திரம் முன்னரே முடிவு செய்துவிட்டது.

அப்படியாயின் பிள்ளையைப் புகழ்ந்து புகழ்ந்து சித்திரத்தை மாற்றிவிடலாமே என்பர் சிலர். மூன்றாவது கணக்கும் பிழைத்தால் அப்புகழ்ச்சி எங்கே நிற்கும்?

ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையில் மனோதத்துவப் பேராசிரியராயிருந்த அல்பேட் பண்டூரா, ஒரு செயலைத் தன்னால் முடிக்க இயலும் என்ற நம்பிக்கையே முயற்சிக்கு ஊற்று என்று 1977இல் எழுதினார். அந்நம்பிக்கையைப் பிறர் சொல்லும் தேறுதலும் ஓரளவு வளர்க்கும். ஆயினும் தானே செய்து முடித்த அனுபவத்துக்கு அது ஈடாகாது என்பது அவர் கருத்து.

1981இல் அவரும் டேல் ஷங்க் என்பவரும் வெளியிட்ட ஆய்வொன்று பெற்றோர் அறியத்தக்கது. கழித்தற் கணக்கில் மிகப் பின்தங்கி, அதில் நாட்டமும் இழந்திருந்த சிறுவர்களை அவர்கள் தெரிந்தனர். தாமே பயிலத்தக்க 42 பக்கப் பாடங்கள் கொடுக்கப்பட்டன. பயில ஏழு அமர்வுகள். ஒரு சாராரிடம், அமர்வொன்றுக்கு ஆறு பக்கமேனும் முடிக்க எண்ணுமாறு கூறினர். மற்றொரு சாராரிடம், ஏழாவது அமர்வின் முடிவில் 42 பக்கமும் முடியட்டும் என்றனர். வேறு சிலருக்கு இலக்கே சொல்லவில்லை. ஆறேழு நாற்பத்திரண்டு, முதலிரு சாராருக்கும் மொத்த வேலை ஒன்றே. எனினும் ஆறு பக்க இலக்குடையோரே வேகமாக முன்னேறினர். தம்மால் இயலும் என்ற நம்பிக்கையும் அவர்களிடமே மிகுதியாக வளர்ந்தது. தொலைவில் இருந்த இலக்கோ, இலக்கே இல்லாமையிலும் மேலான பயன் எதையும் தரவில்லை. பின்னர் விரும்பியதைச் செய்யுமாறு விட்டபோது, கழித்தற் கணக்கைத் தாமாகவே அதிகம் எடுத்துச் செய்தவர்களும் ஆறு பக்கக்காரரே.

ஆகவே மேசைக்கு மேல் ஒட்டிய தாளைக் கிழிக்க வேண்டியதில்லை. அதன்கீழ், "இன்றிரவு ஐந்து கணக்கு" என்று இன்னொரு தாள் ஒட்டலாம். அவ்வைந்தும் நேற்றுச் செய்தவற்றிலும் சற்றே கடினமாயிருக்கட்டும். முடித்தபின் அன்னை அருகில் அமர்ந்து, "இதை எப்படிச் செய்தாய், எனக்கும் காட்டு" என்று கேட்கலாம். சின்னவன் உறங்கிய பின்னர் கேட்பது இன்னும் நன்று.