கனநீர்

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் உள்ள தொழிற்சாலைகள் இரவும் பகலும் இயங்குவதற்கு மின்னாற்றல் வேண்டும். தமிழ்நாட்டின் மின்தொகுப்பில் நிலக்கரியும் அருவியும் காற்றும் கதிரவனும் தரும் ஆற்றலோடு அணுவின் ஆற்றலும் கலந்துள்ளது. வங்கக் கடலோரத்துக் கல்பாக்கத்தில் அணுவாற்றலை விளைவிக்கத் துணையாக அமைந்தது ஒருவகை நீராகும். அதனைக் கனநீர் என்பர். அது நாம் பருகும் நீரினின்றும் வேறுபடுவது எவ்வாறு என்று காண்போம்.

நீரின் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஹைட்ரஜன் அணு இரண்டும் ஆக்சிஜன் அணு ஒன்றும் கூடியதாகும். ஹைட்ரஜன் அணுக்கள் யாவும் ஒரே எடையுடையன அல்ல. பெரும்பாலானவற்றின் கருவில் புரோட்டான் ஒன்றே உண்டு. மிகச் சிலவற்றில் அதனுடன் நியூட்ரான் ஒன்றும் சேர்ந்திருக்கும். அவை டியூட்டீரியம் எனப்படும். நியூட்ரான் இரண்டு உடையது டிரிட்டியம்; அது கதிரியக்கம் உள்ளது. இவ்வாறு தனிமம் ஒன்றாகவும் எடை வேறாகவும் இருப்பவற்றை ஐசோடோப்புகள் என்பர். 1931-ஆம் ஆண்டில் டியூட்டீரியத்தைக் கண்டறிந்த அமெரிக்க அறிஞர் ஹரால்டு யூரே, 1934-இல் நோபல் பரிசு பெற்றார்.

டியூட்டீரியம் ஆக்சிஜனுடன் கூடினால் கனநீர் உண்டாகும். பார்வைக்கு அதுவும் தெளிந்த நீரே. ஆயினும் அது சாதாரண நீரைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கனம் மிக்கது. சாதாரண நீர் 0 பாகையில் உறையும், கனநீரோ 3.8 பாகை செல்சியசிலேயே உறைந்துவிடும். கொதிப்பதற்கு அதற்கு 101.4 பாகை வேண்டும். சாதாரணப் பனிக்கட்டி நீரில் மிதக்கக் கனநீர்ப் பனிக்கட்டி மூழ்கும். தூய கனநீரில் இட்ட விதை பெரும்பாலும் முளைப்பதில்லை.

இனி அணு உலையில் அதன் பணி யாது? யுரேனிய அணு பிளவுறும்போது நியூட்ரான்கள் பெருவிரைவுடன் சிதறும். அவ்விரைவு தணிந்தாலன்றி, அவை அடுத்த அணுவை எளிதிற் பிளக்கமாட்டா. சாதாரண நீர் அவற்றைத் தணிக்கும். ஆனால் பலவற்றை விழுங்கியும் விடும். ஆதலால் அந்நீரைக் கொள்ளும் உலைக்குச் செறிவூட்டிய யுரேனியம் தேவை. கூடங்குளத்து உலைகள் அத்தகையன. கனநீரோ நியூட்ரான்களைத் தணிக்கும். மிக அரிதாகவே விழுங்கும். எனவே, மண்ணில் கிடைக்கும் யுரேனியத்தைச் செறிவூட்டாமலே பயன்படுத்தலாம். 1984-லும் 1986-லும் மின்னாக்கப் பணிக்கு வந்த கல்பாக்கத்து உலைகள் இரண்டும் இம்முறையைச் சார்ந்தவை. 1974-க்குப் பின் கனடா நாடு தன் அணுத்துறை உதவியை நிறுத்திக்கொண்ட காலத்தில், நம் பொறியாளர்கள் தம் முயற்சியால் அவற்றை எழுப்பினர்.

கனநீரைப் பெறுதல் எளிதன்று. இயற்கை நீரில் ஏறத்தாழ 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்றே டியூட்டீரியம். அதனைப் படிப்படியாகப் பிரித்துச் சேர்க்கவேண்டும். இந்தியாவின் முதற் கனநீர் ஆலை 1962-இல் பஞ்சாபின் நங்கலில் தொடங்கியது. தமிழ்நாட்டில் தூத்துக்குடி ஆலை 1978-இல் தொடங்கியது. அங்கு உரத் தொழிற்சாலையின் வாயுவிலிருந்து டியூட்டீரியம் பிரிக்கப்பட்டது.

கண்ணுக்குப் புலப்படாத நியூட்ரான் ஒன்றே இவ்வளவு வேற்றுமைக்கும் காரணம். அச்சிறு வேற்றுமையை ஆராய்ந்து அறிந்ததனாலன்றோ, பிறர் உதவி நின்ற போதும் நம் நாட்டின் முயற்சி நில்லாது தொடர்ந்தது! நுண்ணிய பொருளைச் சிறிதென்று தள்ளாது ஆராய்தலே அறிவியலின் முதற் பாடமாகும்.