பாரம் கேட்கும் வண்டி

சிறுமலைக்கு ஏறும் 18 கொண்டை ஊசி வளைவுகளையும் சிறுவயதில் நான் பின்பக்கமாகவே பார்த்திருக்கிறேன். அப்பாவின் பிக்கப் தொட்டியில், பின்கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். எதிரே என்ன வருகிறதென்று தெரியாது. ஏறி முடித்த வளைவு மட்டும் கீழே சுருண்டு கிடக்கும். அதற்கும் கீழே திண்டுக்கல் ஊர் வளைவுக்கு வளைவு சிறுத்துக்கொண்டே போகும்.

முன்னால் ஒரே நீளச் சீட்டு. அதில் அப்பாவும் தோட்டத்துக் கணக்கு பார்க்கும் பெரியவரும். அம்மாவுக்கு இடம் தொட்டியில்தான், களையெடுக்க வரும் பெண்களோடு. பின்சக்கரத்தில் ஒரு கால், தொட்டி விளிம்பில் ஒரு கை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரே எவ்வில் ஏறிவிடுவாள். எல்லோரும் ஏறியபின் பின்கதவைச் சங்கிலி போட்டு மாட்டுவதும் அவள்தான்.

அது டாடா மொபைல் 206. 1988இல் அந்த வண்டி வந்தபோது டாடா என்றால் லாரிதான்; அவர்கள் கார் செய்திருக்கவில்லை. இந்தப் பிக்கப்பின் அடித்தளத்தை வைத்துத்தான் 1991இல் சியரா காரைக் கொண்டுவந்தார்கள், எஸ்டேட் காரும் அப்படியே வந்தது. சுமை வண்டியிலிருந்து கார் பிறந்த காலம் அது. இப்போது கார்களில் இருக்கும் வசதி எல்லாம் ஒவ்வொன்றாகப் பிக்கப்புக்குள் வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது.

அப்பா வண்டி வாங்கப் போனபோது கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: எத்தனை தார் ஏறும்? நிறம்கூடக் கேட்கவில்லை என்று அம்மா சொல்வாள். எங்கள் தோட்டத்திலிருந்து ரோடு வரைக்கும் வாழைத்தார் குதிரை முதுகில் வரும். சிறுமலையில் இன்றும் குதிரை போகும் தடத்துக்கு வண்டி போகாது. ரோட்டிலிருந்து கீழே திண்டுக்கல்லில் சிறுமலை செட் வாழைச் சந்தை வரைக்கும் பிக்கப். வாங்குவதற்கு முன் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போய் வண்டிக்கு அடியில் படுக்க வைத்தார். அவர் பார்த்தது சேசிஸில் வெல்டிங் இருக்கிறதா, பின்னால் ஸ்பிரிங் பட்டை எத்தனை, கிரவுன் சத்தம் போடுகிறதா என்பதை. வாங்கிய வாரமே கூடுதலாக ஒரு பட்டை போட்டுக்கொண்டார்கள். கழற்றிப் போடும் பழைய பட்டைகள் கொல்லன் பட்டறைக்குப் போய் அரிவாளாகத் திரும்பி வரும். அவ்வளவு நல்ல எஃகு அது.

நான் என் வண்டியைத் தேடியபோது கேள்விகள் வேறாகிவிட்டன. அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், தோட்டம். ஒரே வண்டியில் எல்லாம் ஆக வேண்டும். இரண்டு வரிசைச் சீட்டுள்ள நடுத்தர டபுள் கேப் பிக்கப்புகள் நம் பக்கத்தில் வீட்டு வண்டியாக மாறியது அண்மையில்தான். தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதும் இருக்கும் ஸ்ரீசிட்டியில் 2016இல் இசுசு ஆலை திறந்தது. அதே ஆண்டில் டி-மேக்ஸ் வி-கிராஸ் வந்தது, சுமார் பன்னிரண்டரை லட்சத்துக்கு. இசுசு நமக்குப் புதிய பெயர் அல்ல. கான்டெசாவுக்குள்ளும் பிற்கால அம்பாசிடருக்குள்ளும் ஓடிய எஞ்சின் அவர்களுடையது. 2022இல் டொயோட்டா ஹைலக்ஸ் இங்கே வந்தபோது ஆரம்ப விலையே 33.99 லட்சம். மறுபக்கம், 2023இல் வந்த பொலேரோ மேக்ஸ் பிக்கப் 2 டன் வரை ஏற்றும். இந்த விலை உயர்ந்த வண்டிகள் ஆவணப்படி ஏற்றுவது அதில் பாதிகூட இல்லை. விலை ஏற ஏறப் பாரம் குறைகிறது என்ற இந்தக் கணக்கை அப்பாவிடம் சொல்லியிருந்தால் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்திருப்பார்.

நான் போன ஷோரூம்களில் தொடுதிரை, ரிவர்ஸ் கேமரா, சன்னலோரக் கிரோம் பட்டி எல்லாம் காட்டினார்கள். பின்கதவைத் திறந்து தொட்டியைக் காட்டியது ஒரே ஒருவர். கடைசியில் ஐந்து வருடம் ஓடிய ஒரு வண்டியை வாங்கினேன், வெள்ளை போர்டு. வாங்குமுன் நானும் அடியில் குனிந்து பார்த்தேன். அங்கே எனக்கு ஒரு ஆச்சரியம். மேலே எல்லாம் மாறியிருக்கிறது, அடியில் அதே ஸ்பிரிங் பட்டை!

இந்த வண்டிகளைப் புரிந்துகொள்ள அந்தப் பட்டையைப் புரிந்துகொண்டால் போதும். ஹைலக்ஸும் ஃபார்ச்சூனரும் ஒரே அடித்தளத்தில் பிறந்தவை, இன்னோவா கிரிஸ்டாவும் அந்தக் குடும்பம்தான். ஆனால் ஃபார்ச்சூனருக்குப் பின்னால் சுருள் ஸ்பிரிங், ஹைலக்ஸுக்குப் பட்டை. பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தாலும், தொட்டியில் அரை டன் ஏறினாலும், வண்டி உட்கார்ந்துவிடக் கூடாது. அதற்காகப் பட்டையை விறைப்பாகவே அடுக்குகிறார்கள். பாரம் ஏறினால் அது வளைந்து கொடுக்கும், சாலையின் அடியை வாங்கிக்கொள்ளும். தொட்டி காலியாக இருந்தால் வளையாது. ஒவ்வொரு வேகத்தடையும் அப்படியே பின்சீட்டுக்காரரின் இடுப்புக்குப் போகும். அப்பா காலத்து டிரைவர்கள் காலி வண்டியில் இரண்டு மணல் மூட்டை போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். இப்போது நான் செய்வது, கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்த்து, பாரம் இல்லாத நாளுக்குச் சொன்ன அளவுக்குப் பின் டயர் காற்றைக் குறைப்பது. குறைத்தால் நிஜமாகவே வித்தியாசம் தெரிகிறது. டயர் கடையில் கேட்காமலே எல்லா டயருக்கும் ஒரே அளவு பிடித்துவிடுவார்கள். நின்று சொல்லி வாங்க வேண்டும்.

வாங்க நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்டால் ஒன்றைச் சொல்வேன். டெஸ்ட் டிரைவ் போகும்போது நீங்கள் ஸ்டியரிங் பிடிக்காதீர்கள், பின்சீட்டில் உட்காருங்கள். தொட்டியின் சுவர் முதுகுக்குப் பின்னாலேயே இருப்பதால் அந்தச் சீட்டின் சாய்வு கொஞ்சம் நிமிர்ந்தே இருக்கும். பத்து நிமிடத்தில் தெரியாது. ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தெரியும். வீட்டுப் பெரியவர்கள் உட்காரப்போவது அங்கேதான்.

நீளத்தையும் அளந்து பாருங்கள். வி-கிராஸ், ஹைலக்ஸ் இரண்டுமே 5.3 மீட்டரை ஒட்டியவை. நம் கட்டட விதிப்படி அடுக்ககங்களில் ஒரு காருக்கு விடும் இடம் 5 மீட்டர். மதுரையில் தங்கை வீட்டுக்குப் போனால் என் வண்டி மூக்கை வெளியே நீட்டிக்கொண்டுதான் நிற்கும். மலையில் அந்த நீளம் வேறு விதமாகச் சொல்லும். அப்பாவின் வண்டியில் பவர் ஸ்டியரிங் கிடையாது. வளைவில் இரண்டு கையாலும் இழுத்து, தோள் நோக ஒடிப்பார். எனக்கு ஒரு விரல் போதும், ஆனால் இறுகிய இரண்டு மூன்று வளைவுகளில் எதிரே பஸ் நின்றால் ஒருதடவை பின்னுக்கு எடுத்துத்தான் திருப்ப முடிகிறது. அந்த நேரத்தில் ரிவர்ஸ் கேமராவை மனதார வாழ்த்துகிறேன். அன்று அந்த வேலையைச் செய்தது தொட்டியில் இருந்த அம்மா. "வரலாம், வரலாம்... நில்லு!" என்று தட்டிக்கொண்டே சொல்வாள்.

இறக்கத்தில் மட்டும் அன்றும் இன்றும் ஒரே பாடம். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பார் அப்பா. பிரேக்கையே நம்பி இறங்கிய வண்டிகளின் லைனர் கருகும் வாசனை சிறுமலை அடிவாரத்தில் நிற்கும் யாருக்கும் தெரியும். என் வண்டியில் இறக்கத்துக்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. நான் அதைத் தொடுவதில்லை, இரண்டாவது கியர்தான்.

அந்தத் தொட்டிப் பயணத்தை இனிமையான நினைவாகச் சொல்லிச் செல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளுக்கு அது காற்றும் விளையாட்டும். களையெடுத்துக் களைத்த பெண்களுக்கு அது பிடிமானம் இல்லாத இரும்புத் தரை. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். அன்றும் அதுதான் சட்டம். யாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு, கோயிலுக்கு, கூலி வேலைக்கு என்று தொட்டியில் ஏறி, வண்டி கவிழ்ந்து, வீடு திரும்பாதவர்கள் எத்தனை பேர். இன்னும் அந்தச் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது, இறந்தவர்களில் கூலிக்குப் போன பெண்களும் இருக்கிறார்கள். டபுள் கேப் வாங்கியதில் எனக்கு முழு நிறைவு தரும் விஷயம் திரையோ வேகமோ இல்லை, அந்த ஐந்து சீட்டும் ஐந்து பெல்ட்டும்தான். மிளகு பறிக்கும் நாளில், பறிக்க வரும் பெண்களுக்காக இரண்டு நடை ஓட்டுகிறேன். டீசல் கூடுதலாகத்தான் ஆகிறது. முதல் நாள் பின்சீட்டில் ஏறத் தயங்கி, "சீட்டு அழுக்காயிரும் தம்பி, நாங்க பின்னாடியே வந்துக்கிறோம்" என்றார்கள். இப்போது ஏறியதும் அவர்களே பெல்ட்டைத் தேடி மாட்டிக்கொள்கிறார்கள்.

தயக்கம் அம்மாவுக்குத்தான். ஒரே எவ்வில் ஏறியவளுக்கு இப்போது பக்கவாட்டுப் படிகூட உயரம். முழங்கால் மடங்குவதில்லை. ஒரு மர முக்காலியைத் தொட்டியிலேயே போட்டு வைத்திருக்கிறேன். ஏறி உட்கார்ந்ததும் அவளுக்குக் குறை இருக்கும்: "ஒங்கப்பா வண்டி இப்படித் தூக்கிப் போடலடா." போட்டது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சொல்வதில்லை.

போன ஆடியில் தார் நன்றாக விழுந்தது. வழக்கமாக வரும் வாடகை வண்டி அன்று வரவில்லை. என் தொட்டியில் வாழைச்சருகு பரப்பி, கொள்ளும் அளவுக்கு மட்டும் தார் அடுக்கி, தார்ப்பாய் போட்டுக் கட்டினோம். அம்மா முன்சீட்டில். முதல் வளைவிலேயே வித்தியாசம் தெரிந்தது. பின்பக்கம் துள்ளவில்லை. பட்டை தன் வேலையைக் கண்டுகொண்டது போல் வண்டி நிதானமாகத் தரையைப் பிடித்து இறங்கியது. எட்டாவது வளைவில் அம்மா ஏதோ சொல்லப்போகிறாள் என்று திரும்பினேன். சன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கை மட்டும் கதவுக்கு மேலிருந்த பிடியை விடாமல் பற்றியிருந்தது.