பால் பண்ணையும் வருமான வரியும்

நிலத்தில் விளையும் நெல்லுக்கும் கரும்புக்கும் மத்திய சர்க்காரின் வருமான வரி இல்லை என்பது நமது விவசாயிகள் யாவரும் அறிந்ததே. 1886ஆம் வருஷத்துச் சட்டத்தில் கண்ட இவ்விலக்கு இன்றளவும் நிலைத்திருக்கிறது. ஆனால் பால், கோழி முதலியவற்றால் வரும் இலாபம் இவ்விலக்கில் சேர்ந்ததன்று. அது வியாபார வரும்படியாகவே கருதப்படும். தீவனப்புல் சொந்த நிலத்தில் விளைந்ததாயினும், அதைத் தின்ற பசுவின் பால் விவசாய வரும்படி ஆகாது.

எமது வட்டத்தில் பத்துப் பசுக்கள் வைத்திருந்த விவசாயி ஒருவர், தலா 60,000 ரூபாய்க்குச் சந்தையில் வாங்கிய இரண்டு பசுக்களை நோயில் இழந்தார். மார்ச்சு மாதக் கடைசியில் கணக்குப் பரிசோதகர், வாங்கிய சீட்டையும் கால்நடை வைத்தியரின் சான்றையும் கேட்டார். இரண்டும் இல்லை. 1,20,000 ரூபாயைக் கழிக்க வழியில்லாமற் போயிற்று. அவருடைய பண்ணைக்குப் பலமுறை சென்று தீவனப்புல் சாகுபடியைச் செய்து காட்டிய நான், கணக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. அக்குறையைத் தீர்க்கவே இதனை எழுதலானேன்.

எவை கழிவாகும்?

விலைக்கு வாங்கிய தீவனம், பிண்ணாக்கு, கறவைக்காரர் கூலி, வைத்தியச் செலவு, இன்ஷூரன்சுக் கட்டணம், பண்ணைக்காக வாங்கிய கடனின் வட்டி ஆகியவற்றை வரும்படியிலிருந்து கழிக்கலாம். கடனின் அசல் கழிவாகாது. நெல் வயலுக்கு இட்ட உரத்தை மாட்டுக் கணக்கில் எழுதுவதும் கூடாது. வரியற்ற வரும்படிக்கான செலவுக்குக் கழிவில்லை.

கறவை மாட்டின் விலையை வாங்கிய வருஷத்திலேயே செலவாக எழுத முடியாது. அது இறந்தாலோ, நிரந்தரமாகப் பயனற்றுப் போனாலோ, வாங்கிய விலையில், கடைசியாகக் கிடைத்த தொகை போக மீதியைக் கழிக்கலாம். 60,000 ரூபாய்ப் பசு பயனற்றுப்போய் 12,000 ரூபாய்க்கு விற்கப்பட்டால் 48,000 ரூபாய் கழிவு. ஆகையால் ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வாங்கிய தேதி, விலை, காது வில்லை எண் ஆகியவற்றைக் குறித்து வருதல் அவசியம்.

கறவை இயந்திரம், தீவனம் நறுக்கும் இயந்திரம் முதலியவற்றுக்கு வருஷந்தோறும் 15 சதவீதம் தேய்மானம் உண்டு. வாங்கிய வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாக உபயோகித்தால் அதில் பாதியே கிடைக்கும். எனவே வாங்க உத்தேசித்த இயந்திரத்தைச் செப்டம்பர் முடிவதற்குள் வாங்கி ஓட்டத் தொடங்குவது நலம்.

ரொக்கத்தில் எச்சரிக்கை

தீவன வியாபாரி ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அச்செலவு தள்ளப்படும். பாங்கி மூலமே செலுத்துக. வைக்கோலை விளைவித்த விவசாயியிடமே நேரில் வாங்கினால் இக்கட்டுப்பாடு இல்லை. இயந்திரத்தை அவ்வரம்புக்கு மேல் ரொக்கத்தில் வாங்கினாலோ, அத்தொகைக்குத் தேய்மானமும் கிடையாது.

வருஷ முழுதும் செய்ய வேண்டியவை

ஏப்ரல் முதல் தேதி புதிய பேரேடு தொடங்குக. அன்றாடம் கறந்த பாலையும் வாங்கிய தீவனத்தையும் அன்று மாலையே எழுதுக. மாதம் ஒருமுறை ரசீதுகளைத் தேதிவாரியாகக் கோத்து வைக்க. வருஷ வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஆகுமெனத் தோன்றினால் முன்கூட்டியே செலுத்த வேண்டும்: ஜூன் 15க்குள் 15, செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச்சு 15க்குள் 100 சதவீதம். தவறினால் வட்டி சேரும்.

விற்பனை 2 கோடி ரூபாய்க்கு மேற்படாதவர்கள், செலவுக் கணக்குக் காட்டாமல், விற்றுமுதலில் 8 சதவீதத்தை, பாங்கி மூலம் வந்த தொகைக்கு 6 சதவீதத்தை, இலாபமாகக் காட்டவும் சட்டம் இடந்தருகிறது. எனினும் உண்மை இலாபம் அதனினும் குறைவா அதிகமா என்பதைக் கணக்கு வைத்திருப்பவரே அறிவர். நஷ்ட வருஷத்தில் கணக்கில்லாதவர் இல்லாத இலாபத்துக்கு வரி கட்ட நேரும்.

உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழமொழி. பால் பண்ணைக்காரருக்கோ, கணக்குப் பார்க்காவிட்டால்தான் உழக்கும் மிஞ்சாது. மார்ச்சு மாதத்தில் தேடும் ரசீது கிடைப்பது அரிது. வாங்கிய அன்றே கோத்த ரசீது தக்க சமயத்தில் பணமாகும்.