ஈறில் கட்டி: வலிக்கவில்லை என்று விடலாமா?

முன்பற்களுக்கு இடையில், ஈறில் பட்டாணி அளவில் ஒரு தடிப்பு. தொட்டால் கெட்டி, வலி இல்லை. மாதக்கணக்கில் மெல்லப் பெருக்கிறது. அட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் இதை உடம்புச் சூடு என்று சொல்லி உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பதோடு விட்டுவிடுவார்கள். அதற்குக் காரணம் அறியாமை மட்டுமில்லை. கிளினிக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். கொழுந்தெடுக்கிற பெண்ணுக்கு அது சின்னக் கணக்கில்லை.

என்ன கட்டி இது?

இப்படி வருவதில் ஒன்று பெரிஃபெரல் ஒசிஃபையிங் ஃபைப்ரோமா. இது ஈறில் மட்டுமே வரும் கட்டி. சதைக்குள்ளேயே எலும்புத் துணுக்குகள் உருவாவதால்தான் அந்தக் கெட்டித்தன்மை. பத்து வயதுக்கு மேல் இருபதுகள் வரை உள்ளவர்களிடம், அதிலும் பெண்களிடம், கூடுதலாகக் காணப்படுகிறது. பெரும்பாலும் 2 சென்ரிமீற்றரைத் தாண்டாது. பல்லில் படியும் காரை, சரியாகப் பொருந்தாத கட்டுப்பல் போன்றவை ஈறை ஓயாமல் உறுத்துவதே தூண்டுதல் என்று கருதப்படுகிறது. இது புற்றுநோயல்ல, வேறு இடத்துக்குப் பரவாது. ஆனால் வளரவிட்டால் பற்களை விலக்கிவிடும்.

பார்த்தே சொல்லிவிடலாமா?

முடியாது. கர்ப்பிணிகளுக்கு ஈறில் வரும் சிவந்த கட்டி மென்மையாக இருக்கும், தொட்டாலே இரத்தம் கசியும். நீலம் பாய்ந்த இன்னொரு வகையும் உண்டு. இவையும் ஆபத்தற்றவைதான். நம் பயமெல்லாம் வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரக்கூடிய புற்றுநோயைப் பற்றித்தான். பொயிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படை, காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் கட்டி: இவற்றில் ஒன்று இருந்தாலும் நாள் கடத்தக் கூடாது.

எங்கே காட்டுவது?

டிக்கோயா, நுவரெலியா அரச வைத்தியசாலைகளில் முதலில் காட்டலாம். தேவைப்பட்டால் பேராதனைப் பல் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள்.

எக்ஸ்ரே எடுத்து, ஊசி போட்டு மரக்கவைத்துக் கட்டியை அகற்றுவார்கள். மேலாக மட்டும் சீவினால் திரும்ப முளைக்கும். எலும்பை ஒட்டிய சவ்வுவரை வெட்டி, பக்கத்துப் பல்லின் வேரிலுள்ள காரையையும் சுரண்ட வேண்டும். அப்படியும் நூற்றில் 8 முதல் 20 பேருக்கு மீண்டும் வருவதாக மருத்துவப் பதிவுகள் சொல்கின்றன. அதனால் காயம் ஆறிய பிறகும் சொன்ன திகதிக்குப் போங்கள். வெட்டிய சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். முடிவு வந்ததும் அதைக் கிளினிக் கொப்பியோடு சேர்த்து வையுங்கள். அடுத்த முறை பார்க்கும் வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.