நாலு விளக்குக்குப் போட்ட வயரில் தண்ணீர் மோட்டர்

மீள்குடியேறிய ஊர்களில் வீடு எழும்புகின்ற ஒழுங்கு ஏறக்குறைய ஒரே மாதிரியானது. முதலில் தகரக் கொட்டில். பிறகு ஏதோவொரு வீட்டுத் திட்டத்தில் இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி. மின்கம்பம் ஒழுங்கைக்குள் வந்ததும் நாலு விளக்கு, இரண்டு பிளக். அதற்குப் பின்னர் வருவன கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். வெங்காயம் விற்ற காசில் மின்விசிறி, மகன் அனுப்பிய காசில் குளிர்சாதனப் பெட்டி, பிறகு அயன், சோறு வேகும் குக்கர், கேற்றில். கடைசியாகக் கிணற்றடிக்குத் தண்ணீர் மோட்டர். வீடு வளர்ந்துவிட்டது. ஆனால் மீற்றருக்குப் பக்கத்தில் உள்ள மின்பலகை அன்றைக்கு நாலு விளக்குக்குப் போட்டதாகவே இருக்கிறது.

இதில் எவரையும் குறை சொல்வதற்கில்லை. 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு புதிய வீட்டுக்குக் கிடைத்தது ஐந்தரை இலட்சம் ரூபா. அதில் சுவரையும் கூரையையும் முடித்துவிட்டு, மிச்சத்துக்கு நகை அடைவு வைத்தவர்களிடம் மின்பலகையைப் பற்றிப் பேச யாருக்கு மனம் வரும்? இன்னொன்றும் உண்டு. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் அறுந்தது. ஆண்டுக் கணக்கில் ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட பிள்ளைகளே இன்று வீட்டுக்காரராக இருக்கிறார்கள். தகப்பன் உருகி கட்டுவதைப் பார்த்துப் பழகும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வன்னியின் பல ஊர்களில் 2009க்குப் பின்னர்தான் முதன்முதலாகக் கம்பி வந்தது.

ஆகவே அடிப்படையிலிருந்தே தொடங்குவோம்.

உருகி ஏன் உருகுகிறது?

உருகி அடிக்கடி போகிறது என்றால் அதற்குத் தடித்த கம்பி கட்டுவது எங்கள் ஊர்களில் சாதாரணமாக நடக்கிறது. இதுதான் வீடு எரிவதற்கு நேர் வழி. ஏன் என்று கணக்காகப் பார்க்கலாம்.

விளக்குகளுக்கு இழுக்கும் வயர் 1 சதுர மில்லிமீற்றர். கடையில் 1/1.13 என்று கேட்பது இதைத்தான். பத்துப் பன்னிரண்டு அம்பியருக்கு மேல் இது தாங்காது. கூரைக்குள் சூட்டில் கிடந்தால் அதிலும் குறைவு. அதைக் காப்பதற்குப் போடும் 5 அம்பியர் உருகிக் கம்பியின் தடிப்பு வெறும் 0.2 மில்லிமீற்றர். அதற்குப் பதிலாக 7/0.67 வயரில் ஓர் இழையை உருவிக் கட்டினால், அது 20 அம்பியருக்கு மேற்பட்ட உருகி ஆகிவிடுகிறது. இப்போது அந்த லைனில் மிகவும் மெலிந்த இடம் பலகையில் இல்லை. கூரைக்குள் ஓடும் வயர்தான் மெலிந்தது. எது முதலில் சூடேறி உருகும்? வயர்தான் உருகும். குசினிக்குக் கிடுகோ பனையோலையோ வேய்ந்திருந்தால் மேலே சொல்ல வேண்டியதில்லை.

வயர் எவ்வளவு தாங்குமோ அதற்குள்ளேதான் உருகி இருக்க வேண்டும். புதிய மின்பலகையில் உருகிக்குப் பதிலாக எம்.சீ.பி. எனப்படும் சிறு சுவிச்சுகள் இருக்கும். மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சினால் அவை தாமாகவே கீழே விழும். காரணத்தைத் தேடித் திருத்திய பின் மேலே தள்ளிவிடலாம். கம்பி கட்ட வேண்டியதில்லை என்பதால், தடித்த கம்பி கட்டும் ஆசைக்கும் இடமில்லை. 1 சதுர மில்லிமீற்றர் விளக்கு வயருக்கு 6 அம்பியர் எம்.சீ.பி., 2.5 சதுர மில்லிமீற்றர் பிளக் வயருக்கு, அதாவது 7/0.67க்கு, 16 அம்பியர். இந்தச் சோடியை மாற்றச் சொல்லி எவர் ஆலோசனை தந்தாலும் கேட்காதீர்கள்.

கூடுதல் மின்சாரம் வேண்டுமா, கூடுதல் லைன் வேண்டுமா?

“எங்களுக்குக் கறண்ட் காணாது, பெரிய இணைப்பு எடுக்க வேண்டும்” என்று பலர் சொல்கிறார்கள். அலுவலகத்துக்கு அலைவதற்கு முன் கூட்டிப் பாருங்கள். எந்தப் பொருளிலும் எழுதியிருக்கும் வாற்று எண்ணை 230ஆல் பிரித்தால் அம்பியர் வரும். 1000 வாற்று அயன் நாலரை அம்பியர். 1800 வாற்று கேற்றில் ஏறத்தாழ 8. 700 வாற்று குக்கர் 3. ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது 6 அல்லது 7. குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி, விசிறிகள், விளக்குகள் எல்லாம் சேர்த்து 3 என்று வைத்தாலும், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் 25, 26தான். சாதாரண ஒற்றைமுனை வீட்டு இணைப்பு 30 அம்பியர். ஆகவே பெரும்பாலான தோட்டக்காரர் வீடுகளுக்கு இணைப்புப் போதும். குறை வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது. முப்பது அம்பியர் வந்து நிற்க, அதை உள்ளே கொண்டுபோக இரண்டே இரண்டு மெல்லிய லைன் இருந்தால் எப்படிக் காணும்? மிளகாய் அரைக்கும் ஆலையோ பெரிய மோட்டரோ வைப்பவர்களுக்கு மும்முனை இணைப்புத் தேவைப்படலாம். மற்றவர்களுக்குத் தேவை அறைவாரியாகப் பிரித்த ஒரு பலகைதான். மீற்றரும் அதற்கு முன்னுள்ள முத்திரை வைத்த உருகியும் மின்சாரம் வழங்குபவருக்கு உரியவை. அவற்றில் நாங்களோ வயரிங் செய்பவரோ கை வைக்கக் கூடாது.

விளக்குக்கு ஒன்று, அறைப் பிளக்குகளுக்கு ஒன்று, குசினிக்கு ஒன்று, கிணற்றுக்கு ஒன்று என நாலு எம்.சீ.பி., அதோடு இரண்டு வெற்றிடம் உள்ள பலகை வாங்குங்கள். வெற்றிடத்துக்கு ஏன் காசு என்று கேட்பவர்கள் உண்டு. மாட்டுக் கொட்டிலுக்கோ மகள் கலியாணம் செய்தபின் கட்டும் அறைக்கோ அது வேண்டிவரும். பலகை நெஞ்சு உயரத்துக்கு மேலே, ஒழுக்கு விழாத சுவரில் இருக்கட்டும். மார்கழி வெள்ளம் வீட்டுக்குள் வந்து போகும் ஊர்களில் பிளக்குகளையும் இடுப்பு உயரத்தில் வைப்பதே நல்லது.

ட்ரிப் சுவிச் செய்வதும் செய்யாததும்

உருகியும் எம்.சீ.பி.யும் வயரைக் காப்பவை. ஆளைக் காப்பவை அல்ல. இதைப் பலர் அறியார். 9 வாற்று பல்ப் ஒன்று எடுப்பது ஏறத்தாழ 0.04 அம்பியர். அந்த அளவு மின்சாரம் நெஞ்சினூடாகப் போனாலே மனிதன் செத்துப்போகலாம். 6 அம்பியர் எம்.சீ.பி.க்கு அது ஒரு பொருட்டே அல்ல; ஒருவர் பிடிபட்டுத் துடித்தாலும் அது பேசாமல் இருக்கும்.

ட்ரிப் சுவிச் வேறு வகையில் வேலை செய்கிறது. வீட்டுக்குள் போகும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் அது ஓயாமல் ஒப்பிடுகிறது. இரண்டுக்கும் 30 மில்லி அம்பியர், அதாவது 0.03 அம்பியர் வித்தியாசம் வந்தால், எங்கோ மண்ணுக்குள் போகிறது என்று கண்டு ஒரு விநாடிக்குள்ளேயே விழுந்துவிடும். வாங்கும்போது முகப்பில் ‘30’ என்ற எண்ணைப் பாருங்கள். 100 அல்லது 300 என்றிருப்பவை ஆளைக் காப்பதற்குப் போதியவை அல்ல. ஆனால் ஒரு கையில் லைவையும் மறு கையில் நியூற்றலையும் பிடித்தவரை எந்த ட்ரிப் சுவிச்சும் காப்பாற்றாது, ஏனெனில் போனது அப்படியே திரும்பி வருகிறது. வேலை செய்யும்போது மெயினை நிறுத்துவதற்கு வேறு மாற்று இல்லை.

மழை நாளில் ட்ரிப் விழுந்துகொண்டே இருக்கிறது என்று அதைக் கழற்றி நேராக இணைத்த வீடுகள் உண்டு. நாய் குரைக்கிறது என்று நாயைக் கொன்றுவிட்டுக் கள்ளனுக்குக் கதவு திறந்து வைப்பது போன்றது இது. பிளக்குகளில் உள்ளவற்றைக் கழற்றி, எல்லா எம்.சீ.பி.களையும் இறக்கிவிட்டு, ட்ரிப்பை ஏற்றுங்கள். பிறகு ஒவ்வொரு எம்.சீ.பி.யாக ஏற்றுங்கள். எதில் விழுகிறதோ அந்த லைனில் கசிவு உண்டு. பெரும்பாலும் கிணற்றடியாகவோ வெளி விளக்காகவோ இருக்கும். எல்லாம் இறக்கியிருந்தும் விழுந்தால், நியூற்றல் வயர் எங்கோ எர்த்தைத் தொட்டிருக்கலாம். பழைய வீடுகளில் இது அடிக்கடி காணப்படுவது. வசதி இருந்தால் கிணற்றுக்கென்று தனி ட்ரிப் சுவிச் போடுவது நல்லது. மோட்டரில் கசிந்தாலும் பிள்ளைகள் படிக்கும் விளக்கு அணையாது. அணையாவிட்டால் கழற்றும் எண்ணமும் வராது.

எர்த் கம்பி

ட்ரிப் இருக்கிறதே, எர்த் எதற்கு? எர்த் இல்லாத வீட்டில் மோட்டரின் இரும்பு உடலில் மின்சாரம் ஏறினால், அது போக வழியின்றிக் காத்திருக்கும். நீங்கள் தொடும்போதுதான் வழி கிடைக்கும். அடி பட்ட பின்னர்தான் ட்ரிப் விழும். எர்த் இருந்தால், கசிவு தொடங்கிய அந்தக் கணத்திலேயே, ஒருவரும் தொடாமல், ட்ரிப் விழுந்துவிடும்.

எர்த் மட்டும் இருந்து ட்ரிப் இல்லாவிட்டாலும் பயனில்லை. எங்கள் மண்ணில் அடித்த கம்பியின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230ஐ 50ஆல் பிரிக்க நாலரை அம்பியர் சொச்சம்தான் ஓடும். 16 அம்பியர் எம்.சீ.பி. விழாது, மோட்டர் உடலில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். ட்ரிப்புக்கோ அந்த நாலரை தாராளம்.

வலிகாமத்தில் செம்மண்ணுக்குக் கீழே சில அடியிலேயே சுண்ணக்கல் வந்துவிடும். நாலு அடிக் கம்பியை அடிக்க முடியாமல் பாதியில் வெட்டிவிடுவதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். கம்பியின் நீளத்துக்குக் குறையாத இடைவெளியில் இரண்டு கம்பி அடித்துச் செம்பு வயரால் இணைக்கலாம். குளிக்கும் தண்ணீர் ஓடும் வாழையடி நல்ல இடம். பங்குனி, சித்திரை வெயிலிலும் மண் ஈரமாக இருக்கும். ட்ரிப் சுவிச்சில் உள்ள ‘T’ பொத்தானை மாதம் ஒருமுறை அமத்திப் பாருங்கள், விழ வேண்டும். ஆனால் அது விழுவதால் எர்த் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. எர்த் அறவே இல்லாத வீட்டிலும் அந்தப் பொத்தான் வேலை செய்யும். எர்த்தை அதற்குரிய கருவியால்தான் அளக்க வேண்டும். கருவியோடு வரும் தகுதியான ஒருவரைக் கமக்காரர் அமைப்போ பங்கு இளைஞர்களோ ஒரே நாளில் பத்து வீட்டுக்குக் கூட்டிவந்தால் செலவு பகிர்ந்துபோகும்.

கிணற்றடி வரை

ஈரமான காலும் ஈரமான கையுமாக நாங்கள் மின்சாரத்தோடு புழங்கும் இடம் கிணற்றடி. கிணறு வீட்டிலிருந்து இருநூறு அடி, அதாவது 60 மீற்றர் என்போம். 7 அம்பியர் மோட்டருக்கு 1 சதுர மில்லிமீற்றர் வயர் இழுத்தால் வழியிலேயே 18 வோல்ற்று போய்விடும். மோட்டர் எழும்பும் கணத்தில் அது ஐந்து மடங்கு வரை இழுக்கப் பார்க்கும். அப்போது மோட்டருக்குக் கிடைப்பது 180 வோல்ற்றிலும் குறைவு. அது உறுமிக்கொண்டு நிற்கும், சுற்றாது, சுருள் கருகும். மோட்டர் சரியில்லை என்று கடைக்காரனைத் திட்டிவிட்டு வருவோம். 2.5இல் இழுத்தால் இழப்பு ஏழரை வோல்ற்று, 4 சதுர மில்லிமீற்றரில் (7/0.85) நாலரைதான். தூரம் கூடினால் 4ஐயே போடுங்கள். எழும்பும்போது விழாதிருக்க இந்த லைனுக்கு ‘C’ வகை எம்.சீ.பி. கேளுங்கள். வயரை வேலியில் கட்டி இழுக்காமல் குழாய்க்குள் விட்டு, மண்வெட்டி படாத ஆழத்தில் தாழுங்கள். கிணற்றடியில் சுவிச் கூரையுள்ள பெட்டிக்குள் இருக்கட்டும்.

காட்டுப் பன்றிக்கென்று இந்த லைனிலிருந்து வேலிக் கம்பிக்கு மின்சாரம் கொடுப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: பன்றியைக் காட்டிலும் அயல் வீட்டுப் பிள்ளை அந்த வேலியைத் தொடுவதற்கே வாய்ப்பு அதிகம். அது சட்டவிரோதமும்கூட.

திரும்பிய பழைய வீடு, திரும்பாத கொட்டில்

வலிகாமம் வடக்கில் 1990இல் விட்டு வந்த வீட்டின் சுவர்கள் சிலருக்கு மிஞ்சியிருக்கின்றன. சுவருக்குள் பழைய வயரும் இருக்கும். கூரையின்றி இருபது, இருபத்தைந்து மாரி நனைந்த வயர் அது. செம்பு பளபளப்பாகத் தெரிந்தாலும் மேலுறை வெடித்திருக்கும். ஓர் அடிகூட மீண்டும் பாவிக்க வேண்டாம், முழுவதையும் உருவி எறியுங்கள். அக்காலத்தில் சிவப்பு லைவ், கறுப்பு நியூற்றல், பச்சை எர்த். இன்று கபிலம் லைவ், நீலம் நியூற்றல், பச்சை மஞ்சள் எர்த். பழையதும் புதியதும் கலந்த வீட்டில் நிறத்தை நம்பித் தொட்டால் ஆபத்து.

இன்னும் காணி விடுபடாமல் உறவினர் வளவிலும் தற்காலிகக் கொட்டிலிலும் இருப்பவர்களுக்கு “இது எங்கள் வீடு அல்லவே, எதற்குச் செலவழிப்பது?” என்ற கேள்வி நியாயமானது. அவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஒன்றரை அடிப் பலகைத் துண்டொன்றில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் ஒன்று, 6, 16 அம்பியர் எம்.சீ.பி. இரண்டு, மூன்று பிளக் ஆகியவற்றைத் தகுதியான வயரிங் வேலைக்காரரைக் கொண்டு பெட்டிக்குள் பூட்டுவியுங்கள். கொட்டிலின் இணைப்பு முழுவதும் அந்தப் பெட்டியினூடாகவே போகட்டும். எர்த் கம்பியைக் கொட்டிலுக்கு வெளியே ஈர மண்ணில் அடியுங்கள். 2008, 2009இல் கூரைத் தகரத்தையே கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிச் சென்றவர்கள் நாங்கள். மெயினை நிறுத்தி, அதே வேலைக்காரரைக் கொண்டு இணைப்பைக் கழற்றுவித்தபின், நாலு ஆணியைத் திருகினால் இந்தப் பலகை கையோடு வந்துவிடும். எர்த் கம்பியையும் பிடுங்கிக்கொள்ளலாம். காணி விடுபட்டு வீடு எழும்பும்போது அதே ட்ரிப் சுவிச்சும் எம்.சீ.பி.களும் புதிய மின்பலகைக்குள் ஏறும்.